முன்னறையில் மெல்வினா

"செத்தவங்களுக்குன்னு ஒரு ரூமைப் பூட்டாத குறையா பொத்தி வெச்சிருக்க. உசிரோட இருக்கிற பொண்டாட்டிக்கு அதுல ஒரு மூலை கிடையாதா?"

"கத்தாத மெல்வினா. நர்ஸம்மா உக்காந்திருக்காங்க."

"உக்காந்திருக்கட்டும். நல்லாக் கேட்டுட்டுப் போகட்டும். முப்பத்தெட்டு வருஷம் உனக்குச் சோறு ஆக்கிப் போட்டவளுக்கு என்ன மரியாதைன்னு ஊருக்கே தெரியட்டும்!"

"எங்கப்பாவைக் கிடத்தின இடம்டி அது!"

"உங்கப்பா இப்ப அங்க இல்ல ஹெட்லி. மலைமேல கல்லறையில இருக்காரு. நான் ஒண்ணும் அவரை எழுப்பி இடம் கேக்கல."

மேசைமேல் கிடந்த போனிலிருந்து மகள் ஷார்லீன் குரல் கொடுத்தாள். நூறு கல் தொலைவில் இருந்தாலும் சண்டையில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பெண் இல்லை. "அம்மா, அப்பா, ரெண்டு பேரும் நிறுத்துங்க. எதுக்கு இந்த வம்பு? பேசாம இங்க வந்துடு. செயின்ட் ஜான்ஸ்ல எங்க வீட்டுலேருந்து ஆஸ்பத்திரி பத்தே நிமிஷம்."

நர்ஸ் ட்ரூடி தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எதுவும் கேட்காதவள்போல் இருந்தாள். மெல்வினா பார்டியின் இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டன. இனி ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஏதாவது வழி பார்த்தாக வேண்டும். அந்த வழியை வீட்டிலேயே செய்துகொள்ள இந்த வீடு தகுமா என்று பார்த்துச் சொல்லத்தான் ட்ரூடி அந்த நகரத்திலிருந்து வண்டியோட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் கேட்டது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. மூடக்கூடிய கதவுள்ள ஓர் அறை. காற்று வீசக் கூடாது, பூனை வரக் கூடாது, மனிதர்கள் வரக் கூடாது. ஒரு தடவைக்கு இருபது நிமிடம், அரை மணி. ஒரு நாளைக்கு நாலு தடவை.

மனிதர்கள் வரக் கூடாது என்றதும்தான் சமையலறை பட்டியலிலிருந்து விழுந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில் ஸ்கல்பின் கோவ் மாதிரி ஊர்களில் சமையலறை என்பது ரோட்டின் தொடர்ச்சி. யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் அது போலீஸ், இல்லையென்றால் ஓட்டுக் கேட்க வந்த ஆள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் எஃபி பட்ஜெல் ஒரு நாளில் ஐந்து முறையாவது நேரே உள்ளே வந்து, அடுப்பில் இருப்பதை மூடி திறந்து பார்த்து, உப்பு போதாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். மாடிப் படுக்கையறைக்கு மெல்வினாவின் முழங்கால்கள் ஒத்துவராது. மாதம் முப்பது பெட்டி மருந்துத் தண்ணீரை மாடிக்குத் தூக்க ஹெட்லியின் முதுகும் ஒத்துவராது. மிச்சமிருந்தது முன்னறை.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் முன்னறை உண்டு. அதில் ஒருவரும் உட்காருவதில்லை. பாதிரியார் வந்தால் அரை மணி நேரம் அங்கே தேநீர் குடிப்பார். யாராவது இறந்தால் மூன்று நாள் அங்கே கிடத்துவார்கள். மற்ற நாட்களில் வெல்வெட் சோபாவும், யாருக்கும் வாசிக்கத் தெரியாத கால்மிதி ஆர்கனும், ஹெட்லியின் அம்மா அப்பா படங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். மெல்வினா வாரம் ஒருமுறை போய்த் தூசி தட்டுவாள். அவ்வளவுதான்.

"நகரத்துக்கே போய்ச் செஞ்சுக்கலாமே?" என்று ஹெட்லி இழுத்தான். "வாரத்துக்கு மூணு நாள்தானே? நான் ஓட்டுறேன்."

"போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி, நடுவுல நாலு மணி நாற்காலி. ஜனவரியில பனியில, ரோட்டுல மூஸ் மான் குறுக்க வரும்போது ஓட்டுவியா? போன வருஷம் சும்மா மார்ச்சுலயே பள்ளத்துல விட்ட."

அது உண்மை என்பதால் ஹெட்லி சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான்.

மெல்வினா ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தவள்தான். சுத்தமான கூடம், பதினைந்து நாற்காலி, ஆளுக்கொரு இயந்திரம். இரண்டு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கு அதுதான் வசதி, நர்ஸே எல்லாம் பார்த்துக்கொள்கிறாள், வீட்டில் கவலையில்லை என்றார்கள். அவர்களுக்குச் சரி. சுவரில் தொலைக்காட்சியில் யாரோ மூன்றடுக்கு கேக் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. அங்கே நாலு மணி நேரம் யாருடைய வீட்டிலும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்ற நினைப்பே மெல்வினாவுக்கு மூச்சை அடைத்தது. மகள் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கீழ்த்தளத்தில் ஓர் அறை, கூரையை ஒட்டி ஒரு சின்ன சன்னல். அதில் தெரிவது தெருவில் போகிறவர்களின் செருப்பும் பூட்ஸும்தான். யாருடைய பூட்ஸ் என்றே தெரியாத ஊரில் பூட்ஸைப் பார்த்து என்ன செய்ய?

"சரி," என்று மெல்வினா எழுந்தாள். "நான் எங்கயும் போகல, எதுவும் செஞ்சுக்கல. அப்படியே போய்ச் சேர்றேன். செத்ததும் அந்த ரூம் எனக்குத்தானே? இப்பவே குடுத்துட்டா என்னைத் தூக்கிட்டு வர்ற வேலையாவது மிச்சமாகும்."

ட்ரூடிக்குத் தேநீர் புரையேறியது. ஹெட்லி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போய்க் கொட்டகைக் கதவை அறைந்து சாத்தினான்.

"மெல்வினாம்மா, ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன்," என்றாள் ட்ரூடி, இருமல் அடங்கியதும். "இதுல பயப்பட வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வயித்துல வெக்கிற குழாய் முனையில கிருமி ஒட்டிடக் கூடாது. ஒட்டிச்சுன்னா வயித்துக்குள்ள இன்ஃபெக்‌ஷன். அதுக்குத்தான் மாஸ்க், கை கழுவறது, கதவு எல்லாம்."

"கேட்டியாம்மா?" என்றது போன்.

"கேட்டேன்டி. இப்ப நீ கேளு. ஒரு மாசம் குடு. அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தாலும் மறுபேச்சு இல்லாம பெட்டியைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன். சத்தியம்."

"அப்பா சாட்சி."

"அப்பா கொட்டகையில இருக்காரு. நர்ஸம்மா சாட்சி."

மறுநாள் காலை மெல்வினா இறங்கி வந்தபோது வெல்வெட் சோபா நடையில் நின்றிருந்தது. ஹெட்லி ஒரு வார்த்தையும் பேசாமல் ஆர்கனை நெம்பிக்கொண்டிருந்தான். அப்பா அம்மா படங்களை மட்டும் சுவரிலேயே விட்டுவிட்டான். அவர்களும் பார்க்கட்டும் என்று மெல்வினா விட்டுவிட்டாள்.

நகரத்தில் வயிற்றில் குழாய் வைத்தார்கள். புண் ஆறியதும் ஒரு வாரப் பயிற்சி. வித்தை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தொப்புளுக்குக் கொஞ்சம் தள்ளி, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய், அதை இறுக்கி அடைக்க ஒரு கிளாம்ப்பு. குழாயில் பையைச் சேர்த்தால் முதலில் உள்ளே இருக்கும் பழைய தண்ணீர் தரையில் வைத்த காலிப் பைக்கு இறங்கும். பிறகு மேலே கொக்கியில் தொங்கும் புதுத் தண்ணீர் இரண்டு லிட்டரும் வயிற்றுக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீர் உள்ளேயே தங்கிச் சிறுநீரகம் செய்யாத வேலையைச் செய்யும். பிறகு அடுத்த பை. காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை நாலரை, படுக்கப் போகுமுன் ஒன்று. மற்ற நேரமெல்லாம் குழாயைச் சுருட்டி ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, மனிதப் பிறவியாக நடமாடலாம். ஹெட்லியும் கூடவே பயின்றான். கை கழுவச் சொன்னபோது மட்டும், ஐம்பது வருஷம் மீன் அறுத்த கை இது, இதற்குமேல் கழுவ ஒன்றுமில்லை என்று தகராறு செய்தான்.

மெல்வினா இல்லாத அந்த வாரத்தில் ஸ்கல்பின் கோவுக்கு ஒரு வெள்ளை லாரி வந்தது. எஃபிதான் சாவி வாங்கி வைத்திருந்தவள்போல் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள். சாவியே கிடையாது என்பது வேறு விஷயம். லாரிக்காரன் லேவி பெட்டிகளை அடுக்க அடுக்க அவள் எண்ணிக்கொண்டு நின்றாள்.

"முப்பது பெட்டி! குளிக்கவா குடிக்கவா?"

"ரெண்டுக்கும் இல்ல அம்மணி. வயித்துல ஊத்திக்க."

"அட கர்த்தரே. பாவம் மெல்வி. தேறுவாளா?"

"நான் பெட்டிதான் தூக்கறேன் அம்மணி. தீர்ப்பு சொல்ற ஆள் வேற."

இந்தப் பதிலை எஃபி ஊர் முழுக்கக் கொண்டுபோனாள். போகிற வழியில் அதன் எடை கூடியது. லாரிக்காரனே உதட்டைப் பிதுக்கினான் என்று கடைசி வீட்டில் கேள்வி.

பயிற்சி ஒரு நாள் முன்னதாக முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்கள் வியாழன் மாலையே வந்தார்கள். கடல்மூடுபனி அன்று அப்படி இறங்கியிருந்தது. ஹெட்லியின் வண்டி வந்ததை ஒரு ஜீவன் பார்க்கவில்லை. ஸ்கல்பின் கோவ் வரலாற்றில் இப்படி ஒரு வண்டி கண்ணுக்குத் தப்பியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலைப் பை மூடுபனிக்குள்ளேயே முடிந்தது. பகல் பை, மெல்வினா நர்ஸ் துணையில்லாமல் பகலில் செய்யும் முதல் பை. பதினோரு மணிக்கே முன்னறைக்குள் போய்விட்டாள். கையேட்டை விரித்தாள், மேசையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். வயிற்றைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும். முன்னறைச் சன்னலோ ரோட்டைப் பார்த்த சன்னல். எட்டிப் பார்த்தால் ஊரே பார்க்கும். அதனால் திரையைக் கீழ்வரை இறக்கினாள். உள்ளே தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. முதலில் பெட்டிகளுக்கு அலமாரி, தாழ்ப்பாள் நாளைக்கு என்று சொல்லிவிட்டு ஹெட்லி கொட்டகையில் பலகை அறுக்கப் போய்விட்டான்.

முன்னறைத் திரை பகலில் இறங்கினால் அந்த ஊரில் ஒரே பொருள்தான், வீட்டில் சாவு. மெல்வினாவே எத்தனை வீட்டில் அப்படிப் பார்த்துவிட்டு மரியாதைக்குத் தன் வீட்டுத் திரையை இறக்கியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் தலைக்குள் இருந்தது கை கழுவும் முறை மட்டும்.

எஃபி தன் சமையலறையிலிருந்து அதைப் பார்த்தாள். கையில் இருந்த உருளைக்கிழங்கு தண்ணீருக்குள் விழுந்தது. காதைத் தீட்டினாள். கொட்டகையில் ரம்பச் சத்தம். வெளியே வந்து வேலியோரம் நின்று பார்த்தாள். ஹெட்லி ஆறடிப் பைன் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா ஊருக்கே சவப்பெட்டி செய்துகொடுத்தவர். ஹெட்லி மூக்கைத் துடைத்தான். மரத்தூள் என்றால் அவனுக்குச் சிறுவயதிலிருந்தே தும்மல். எஃபிக்கு அதெல்லாம் நினைவு வரவில்லை.

பதினொன்றே காலுக்கு எஃபி வீட்டுத் திரை இறங்கியது. எதிர் வீட்டுப் பெர்ல் அதைப் பார்த்துத் தன் வீட்டில் இறக்கினாள். பதினொன்றரைக்கு ரோடு முழுக்க, தேவாலயம்வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. துக்க வீட்டில் போய் யார் என்ன என்று விசாரிப்பது அங்கே வழக்கமில்லை. சாப்பாட்டோடு போக வேண்டும். போனார்கள்.

முன்னறைக்குள் மெல்வினா மாஸ்க் கட்டிக்கொண்டு மூன்றாம் முறை கை கழுவி முடித்திருந்தாள். சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு தட்டு. தாழ்ந்த குரல்கள். எஃபிதான் வந்திருப்பாள், உப்பு பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தாள். இப்போது பேசக் கூடாது, திரும்பக் கூடாது. புதுப் பையின் முனையை ஒரு கையில் பிடித்தாள். வயிற்றுக் குழாயின் மூடியைத் திருகி எடுத்தாள்.

கதவு திறந்தது.

"ஐயோ, என் மெல்வீ..."

கையில் பன்றித்தொடை வறுவலோடு எஃபி உள்ளே வந்தாள். பிணத்தைப் பார்க்க வந்தவள், வெள்ளை மாஸ்க் கட்டிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கியபடி, நேர் நிமிர்ந்து உட்கார்ந்து தன்னையே முறைக்கும் மெல்வினாவைப் பார்த்தாள். அலறினாள். ஓடிப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எஃபி ஓடுகிற ரகம் இல்லை. வறுவலை ஆர்கன் இருந்த இடத்தில், அதாவது தரையில், போட்டுவிட்டு மெல்வினாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உசிரோட இருக்கியேடி! உசிரோட இருக்கியே!"

"விடுடி! விடு! தொடாத! கிளாம்ப்பு... கடவுளே, கிளாம்ப்பு!"

மூடியில்லாத குழாய் முனை எஃபியின் கம்பளிச் சட்டையில் உராய்ந்துகொண்டிருந்தது. பூனை படுக்கிற சட்டை, மீன் கழுவுகிற சட்டை, தேவாலயச் சூப் தெறித்த சட்டை. மெல்வினா அதைப் பார்த்தாள். தன் பெட்டி மகள் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் படியிறங்குவது அவள் கண்முன் தெரிந்தது.

கை தானாக வேலை செய்தது. கிளாம்ப்பு மூடித்தான் இருந்தது. பையைத் தள்ளிவைத்தாள். புது மூடி எடுத்துப் போட்டாள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதைப் பாதிரியார் நடையில் நின்று கேட்டார். அதனால் இங்கே எழுத வேண்டாம்.

சமையலறையில் பதினொரு பெண்கள், ஏழு தட்டு உருளைக்கிழங்கு சாலட், மூன்று பழக் கேக். ஹெட்லி ரம்பத்தோடு உள்ளே வந்து, "யார் செத்தது?" என்று கேட்டான்.

"நான்தான்," என்றாள் மெல்வினா.

இதற்குள் போன் அடித்தது. ஷார்லீன். அவளுக்கு ஆழ்ந்த அனுதாபம் சொல்லிப் பெர்ல் போன் செய்திருந்தாள். அன்று காலையில்தான் அம்மாவோடு பேசியிருந்த ஷார்லீன் பெர்லையே சந்தேகப்பட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு, கடைசியில் நடந்ததைக் கறந்துவிட்டாள்.

"அம்மா. முதல் நாள். முதல் நாளேம்மா!"

"இன்ஃபெக்‌ஷன் வந்தா வர்றேன்னேன். எஃபி வந்தா வர்றேன்னு சொல்லல. வை போனை. நர்ஸைக் கூப்பிடணும்."

ட்ரூடி எல்லாவற்றையும் கேட்டாள். கிளாம்ப்பு மூடியிருந்ததா? உள்ளே எதுவும் போகவில்லையே? "நல்லது. அந்த வெளிக் குழாயை மாத்தணும், கூடவே மருந்து. இன்னிக்கே வாங்க. அப்புறம் அஞ்சு நாள் வெளிய வர்ற பையைப் பாருங்க. பைக்கு அடியில ஒரு பேப்பரை வெச்சா எழுத்துப் படிக்க வரணும். கலங்கியிருந்தாலோ வயிறு வலிச்சாலோ உடனே போன்."

நகரத்துக்கு இரண்டு மணி நேரம். எஃபியைக் கூட்டிப் போக மெல்வினாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் வண்டியின் பின்சீட்டில் அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"தட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் மெல்வினா பாதி வழியில்.

"உன் வீட்டுக் கதவையா? நான் தட்டவா? நமக்குள்ள என்ன பகை?"

மெல்வினா கண்ணாடியைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"அந்தப் பலகையைப் பார்த்துட்டேன் மெல்வி. அடுத்த வாரம் நான் யார் வீட்டுல போய் உக்காருவேன்னு நினைச்சேன். வேற ஒண்ணுமே மனசுல வரல."

"உனக்கு உக்கார இடம் இல்லங்கிறதுதான் கவலை."

"ஆமா. பின்ன?"

ஹெட்லி மூக்கை உறிஞ்சினான். இந்தத் தடவை வண்டிக்குள் மரத்தூள் எதுவும் இல்லை.

அந்த ஐந்து நாட்களும் ஸ்கல்பின் கோவுக்கு வேறு செய்தியே கிடையாது. காலை ஏழரை ஆனால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஹெட்லி வாரப் பத்திரிகையை மேசையில் விரித்து, மனைவியின் வயிற்றிலிருந்து வந்த வெளிர்மஞ்சள் பையை அதன்மேல் வைத்து, குனிந்து படிப்பான். முதல் நாள் வானிலை. இரண்டாம் நாள் பழைய படகு விற்பனை விளம்பரம், விலை உட்பட. எஃபி அதைக் கேட்டு, அந்தப் படகுக்கு அந்த விலை கொள்ளை என்று தகவல் சேர்த்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மெல்வினாவுக்கு எழும்போதே வயிறு இலேசாக இழுத்தது. பயமா வலியா என்று பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. பை நிறைந்ததும் அதைப் பார்க்காமலே நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"படி."

ஹெட்லி குனிந்தான். இன்னும் குனிந்தான். பையை நகர்த்தினான்.

"படி ஹெட்லி."

"தெரியல மெல்வி." அவன் கண்ணைக் கசக்கினான். "ஒண்ணுமே தெரியல. எல்லாம் புகையா இருக்கு."

எந்தப் பெட்டியை எடுப்பது, பூனையை யாரிடம் விடுவது என்றுகூட மெல்வினாவின் மனம் போய்விட்டது. அப்புறம் அவளுக்குள் இருந்த பழைய மெல்வினா விழித்தாள்.

"பையை எடு."

"ம்?"

"பையை எடுத்துட்டு வெறும் பேப்பரைப் படி."

ஹெட்லி பையை எடுத்தான். குனிந்தான். மூக்கு காகிதத்தில் முட்டியது.

"என்ன தெரியுது?"

"...புகையாத்தான் இருக்கு."

அன்றைக்கு அவன் விரித்திருந்தது மரண அறிவிப்புப் பக்கம், எறும்பு எழுத்து. கண்ணாடி போட்ட முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நாலு வருஷமாக அதை வாங்காமல் காலம் தள்ளியவன் அவன். மெல்வினா கண்ணைத் திறந்தாள். பையைப் பிடுங்கிப் பத்திரிகைமேல் வைத்துத் தானே குனிந்தாள். "ஆல்வின் கீப்பிங், எண்பத்தாறு, அமைதியாகக் காலமானார்." ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாகத் தெரிந்தது. கடைசியாக இறுதிச் சடங்கு நேரத்தையும் சத்தமாகப் படித்தாள். பிறகு பத்திரிகையைச் சுருட்டிக் கணவனின் தலையில் நாலு போட்டாள். ஐந்தாவது அடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சுவரில் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

வயிற்றிழுப்பை ட்ரூடியிடமும் சொன்னாள். தண்ணீர் சீக்கிரம் இறங்கும்போது சிலருக்கு அப்படி இழுக்கும், பை தெளிவாக இருந்தால் சரி, தொடர்ந்து பார்த்துக்கொண்டிருங்கள் என்றாள் ட்ரூடி. இழுப்பு மதியமே போய்விட்டது. ஐந்து நாளும் தெளிவு. பத்தாம் நாளும் தெளிவு. ஷார்லீன் மாதம் முடியும்வரை விடவில்லை. தினமும் பையின் படம் கேட்டாள். முப்பத்தோராம் நாள் மெல்வினாவே கூப்பிட்டாள்.

"மாசம் ஆச்சு."

"தெரியும்மா."

"பெட்டி எடுக்கணுமா?"

"வேணாம். ரொம்ப சந்தோஷமாத்தான் இருக்க போல."

"கணுக்கால்ல எலும்பு தெரியுதுடி. ரெண்டு வருஷமா அதைப் பார்க்கல."

அது பொய்யில்லை. வீக்கம் வடிந்திருந்தது. உடம்பெல்லாம் பிடுங்கிய அரிப்பு போய்விட்டது. வாயில் இருந்த இரும்புச் சுவை போய், காட் மீனுக்கு மறுபடி காட் மீன் ருசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை உப்புக்கண்டம் மட்டும் அவளுக்குக் கிடையாது. ஹெட்லி தட்டிலிருந்து ஒரு துண்டு திருடுவாள். அதை ட்ரூடியிடமும் ஒத்துக்கொண்டாள். ட்ரூடி திட்டினாள். மெல்வினா இப்போது அரைத் துண்டுதான் திருடுகிறாள்.

ஊர்தான் கொஞ்சம் மாற வேண்டியிருந்தது. நாளில் நாலு முறை முன்னறைத் திரை இறங்குகிற வீடு ஒன்று இருந்தால் உண்மையான சாவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? தேவாலயப் பெண்கள் சங்கம் கூடியது. ஒன்றரை மணி நேரம் விவாதம், இரண்டு தடவை தேநீர். இனி மாடித் திரையும் சேர்ந்து இறங்கினால்தான் துக்கம் என்று தீர்மானம் நிறைவேறியது. மாடியில்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். நீங்கள் சாகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஹெட்லி தாழ்ப்பாள் போட்டான். முன்னறைக்கு மட்டும் போடாமல் சமையலறைக் கதவுக்கும் சேர்த்துப் போட்டான். எஃபியை அவன் நம்புவதாக இல்லை. எனவே மெல்வினா பை போடும் நேரத்தில் எஃபி வந்தால் வாசற்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்த மாதமும் லேவியின் லாரி வந்தது. வழக்கமாக அது பகல் பன்னிரண்டுக்கு வந்து சேரும். அவனும் காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் முறை எஃபி அவனுக்கு இடம் விட்டு நகரவில்லை. இரண்டாம் மாதம் நகர்ந்தாள். மூன்றாம் மாதம் மெல்வினா பகல் பைக்கு உட்காருவதற்கு முன்பே எஃபி இரண்டு பேருக்குத் தேநீர் எடுத்து வந்து படியில் வைத்துவிட்டாள்.

கதவுக்கு இந்தப் பக்கம், மாஸ்க் கட்டிக்கொண்டு, வயிற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மெல்வினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச முடியாது, எழ முடியாது. ஆனால் சன்னலை ஒட்டித்தான் படி. நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போடச் சொன்னது வெளிச்சத்துக்காக என்று ஹெட்லியிடம் சொல்லியிருந்தாள்.

"இந்தப் பெட்டியெல்லாம் தூக்கி முதுகு வலிக்கலையா?" இது எஃபி.

"வலிக்குது அம்மணி. தேச்சு விட ஆளில்ல."

"அம்மணி கிம்மணி வேணாம். எஃபின்னு சொல்லு."

மெல்வினா சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டாள். சிரித்தால் வயிற்றுத் தண்ணீர் குலுங்கும்.

அக்டோபரில் கேண்டரில் எஃபிக்கும் லேவிக்கும் கல்யாணம். லேவிக்கு அந்த ஊர்தான், மனைவி இறந்து ஆறு வருஷம். மெல்வினாவும் ஹெட்லியும் போனார்கள். நாலரை மணிப் பையைப் பாதிரியாரின் அலுவலக அறையில், அங்கி மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டு முடித்துக்கொண்டு, கேக் வெட்டுவதற்கு வந்து சேர்ந்தாள். ஹெட்லி வாசலில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு காவல் நின்றான். உள்ளே வர முயன்ற மாப்பிள்ளையின் தம்பியை, நாய்க்குட்டியைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டான்.

எஃபி கேண்டருக்கே போய்விட்டாள். அவள் வீட்டை டொரோன்டோக்காரத் தம்பதி வாங்கியிருக்கிறார்கள். ஜூலையில் வந்து ஆறு வாரம் இருந்து திமிங்கலம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த வசந்தத்தில் ஷார்லீனும் கிளம்பிவிட்டாள். அவள் கணவனுக்கு ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலை. செயின்ட் ஜான்ஸ் வீட்டை விற்றாயிற்று. ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டு, "நீ அன்னிக்கு வந்திருந்தா இப்ப என்னம்மா செஞ்சிருப்போம்?" என்று கேட்டாளாம். மெல்வினா அதற்கு, மணி நாலரை ஆகப் போகிறது, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டாளாம்.